உங்காளு யாரு?

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையோடு நான் மலேசியாவுக்கு வந்து முப்பது வருடம் ஆயிற்று. வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பசியாறும்போது நானாகத்தான் சொன்னேன். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. வந்த புதிதில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்க, என் முகத்தில் அவ்வளவு பசி தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டவன் நான்.

என் மனைவி சரோஜா தோசையைத் திருப்பிப் போட்டபடி, "முப்பதா? அப்ப அந்த ஸ்வெட்டருக்கும் முப்பது. இன்னும் பீரோவுல எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்த ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கரன்கோவிலில் என் அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் அதிக தூரம் போனவர் அவர்தான், மதுரை வரைக்கும். போய்வந்து, அங்கே தண்ணீர் சரியில்லை என்று ஒரு வாரம் பேசினார். அப்படிப்பட்டவருக்கு ஒரு விஷயம் மட்டும் உறுதியாகத் தெரிந்திருந்தது. "வெளிநாடுன்னா குளுரத்தான செய்யும்" என்பார். யார் சொன்னது என்று கேட்டால், "இத யாராச்சும் சொல்லணுமாக்கும்" என்பார். அவர் வாங்கிக் கொடுத்த பழுப்புக் கம்பளி ஸ்வெட்டரைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, சுபாங் விமான நிலையத்தில் மத்தியான வெயிலில் இறங்கினேன். அழைத்துப்போக வந்த புடவைக் கடை முதலாளி என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "ஏன் தம்பி, காய்ச்சலா?" பிறகு அதே இடத்தில் நிற்கவைத்து ஒரு படமும் எடுத்தார். கடையில் எல்லோருக்கும் காட்டத்தான். அந்தப் படம் என் மகளின் கல்யாண ஆல்பத்தில் கடைசிப் பக்கம்வரை வந்துவிட்டது.

2

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அந்தக் கடையிலேயே ஓய்வு பெறும்வரை புடவை விரித்தேன். புடவை விற்பது கையால் செய்கிற வேலை என்று நினைப்பீர்கள். கிடையாது, வாயால் செய்கிற வேலை. அப்படிப் பேசியே பிழைத்தவன் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சரோஜா சீரியல் பார்க்கும்போது திரையில் அழுகிற பெண்ணின் புடவைக்கு நான் விலை சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் கோயிலில் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"பிரிக்பீல்ட்ஸ்ல சனிக்கிழம சனிக்கிழம வரலாறு பேசுறாங்களாம். வயசானவங்க மட்டும். போய்ப் பேசிட்டு வாங்க. எனக்குக் கொஞ்சம் சீரியல் கேக்கணும்."

கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயில் ஏறி, தலைநகரின் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஒரு பழைய மண்டபம். மாடியில் எங்கள் வாசகர் வட்டம். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கடையில் மீன் பொரிக்கிற வாசனை மேலே வந்துவிட்டால் அன்றைய வரலாறு முடிந்தது. எந்தப் போர் பாதியில் நின்றாலும் சரி, எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

வட்டத்தை நடத்துபவர் அம்பிகா மிஸ், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் மிஸ்தான். தாமதமாக வந்தால் கதவருகே நிற்கச் சொல்வார். எழுபது தாண்டியவர்கள் கைத்தடியோடு நிற்பார்கள்.

அடுத்து தேவா அண்ணன். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். சாலாக் செலாத்தானில் வீடு. அவர் பேச ஆரம்பித்தால் பச்சை விளக்கு, மற்றவர்கள் ஆரம்பித்தால் சிவப்பு விளக்கு. மூன்றாவதாக ஜோசபின் ஆன்டி, மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். யார் கோபப்பட்டாலும், "பிரஷர் மாத்திர போட்டியா?" என்று கேட்டு ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார். இவர்கள் தவிர இன்னும் ஆறேழு பேர்.

நாங்கள் எடுத்துக்கொண்டது மலாயாவுக்கு ரயில் பாதை போட வந்த தமிழர்களைப் பற்றிய ஒரு புத்தகம். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். தமிழில் எழுதியது. சிக்கல் அங்கேதான். இவர்கள் எல்லோரும் ஆங்கிலப் பள்ளியிலும் மலாய்ப் பள்ளியிலும் படித்தவர்கள். தமிழில் பேசுவார்கள், பாடுவார்கள், சண்டை போடுவார்கள். படிக்கச் சொன்னால் ஒரு பத்தி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். "இந்த ரெண்டு 'ர'வும் ஒரே வீட்டுல ரெண்டு மருமக மாதிரிலா. எப்ப யாரு முன்னால வருவாங்கன்னே தெரியல" என்பார் தேவா அண்ணன். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' சேர்ப்பது இங்கத்திய வழக்கம்.

தமிழ் வழியில் படித்தவன், அதுவும் உரக்கப் பேசிப் பழகியவன், நான் உள்ளே நுழைந்ததும் அம்பிகா மிஸ் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டார். வட்டத்தின் வாசகன் ஆனேன்.

3

வாசிக்கலாம். பேசத்தான் முடியாது.

ஏனென்றால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே தேவா அண்ணன் கொண்டுவந்தது. யார் கையைத் தூக்கினாலும் முதலில் ஒரு கேள்வி: "உங்காளு யாரு?" அதாவது, இந்த வரலாற்றில் உன்னுடைய ஆள் யார்? பாட்டனோ, பூட்டனோ, கொள்ளுப் பாட்டியோ, ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் என்ன வேலை பார்த்தார் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கருத்து. "இல்லாட்டி எல்லாரும் யூடியூப் பாத்துட்டு வந்து பேசுவாங்கலா" என்பது தேவா அண்ணன் தரப்பு நியாயம்.

முதல் நாளே நான் கையைத் தூக்கினேன்.

"உங்காளு யாரு?"

"எங்க ஆளுங்க யாரும் வரலீங்க. நான்தான் கடைக்கு வேலைக்குன்னு..."

"ஓ, நீங்க ஊர்க்காரரு. பரவால்ல. நீங்க வாசிங்க, நாங்க பேசுறோம்."

அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேள்வி என்னிடம் வரவில்லை. வட்டமாக உட்கார்ந்திருப்போம். இந்தப் பக்கம் ஜோசபின் ஆன்டி வரை வரும். ஆளில்லாத நிறுத்தத்தைத் தாண்டிப் போகிற பஸ் மாதிரி என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கும். என் பெயர் சங்கரலிங்கம் என்பதும் மறைந்து 'ஊர்க்காரரே' என்பது நிலைத்துவிட்டது. இங்கே வரி கட்டியிருக்கிறேன், வெள்ளத்தில் நின்றிருக்கிறேன், மகளைப் பெற்றுக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஊருக்குப் போனால் அங்கே 'மலேசியாக்காரர்' என்கிறார்கள். இங்கே ஊர்க்காரர். இரண்டு இடத்திலும் நான் மற்ற இடத்தின் ஆள்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சனிக்கிழமை, யாராவது என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்ல என்னிடம் ஆள் இருக்க வேண்டும்.

4

ஒரு வருடம் தாண்டியும் நாங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றோம். காரணம் ஒரு புகைப்படம்.

தண்டவாளம் ஓரமாக வேலையாட்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஒருவர். முறுக்கு மீசை, தலைப்பாகை, இடுப்பில் கை. மற்றவர்கள் வேலைக்கு வந்த மாதிரி நிற்க, இவர் மட்டும் வேலையைப் பார்வையிட வந்த மாதிரி நிற்கிறார். படத்துக்குக் கீழே, 'தண்டவாளம் போடும் தொழிலாளர்கள், பெயர் தெரியவில்லை' என்று இருக்கிறது.

"பேரு ஏன் தெரியாது? இது எங்க பாட்டன் காளிமுத்து" என்றார் தேவா அண்ணன்.

"இது எங்க தாத்தா அந்தோணி" என்றார் ஜோசபின் ஆன்டி.

"ஆன்டி, நெத்தியப் பாருங்க. விபூதி."

"அது விபூதி இல்ல தேவா, படத்துல விழுந்த கீறல். உன் கண்ணுல புரை. எத்தன தடவ சொன்னேன், போய்க் காட்டுன்னு."

விபூதியா கீறலா என்று ஒரு மாதம் போனது. பூதக்கண்ணாடி வந்தது. அம்பிகா மிஸ் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: மாதத்தின் முதல் சனியும் மூன்றாம் சனியும் அவர் காளிமுத்து, மற்ற சனிகளில் அந்தோணி. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஐந்து சனி வருகிற மாதத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு.

தேவா அண்ணன் அதோடு விடவில்லை. அந்த மீசைக்காரரை மட்டும் தனியாகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வீட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார். தீபாவளிக்குப் போயிருந்தோம். மாலை, ஊதுபத்தி எல்லாம் நடந்துகொண்டிருந்தது. சரோஜா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

5

இந்த நிலையில் மண்டபத்தில் மூத்தோர் கண்காட்சி என்று அறிவித்தார்கள். வட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை. அதில் தங்கள் மூதாதையர் படத்தை ஒட்டி, பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். அலுவலகத்தில் பாரம் நிரப்பித் தரச் சொன்னார்கள்.

பாரத்தில் மூதாதையர் பெயர் என்று ஒரு கட்டம், வந்த கப்பல் என்று ஒரு கட்டம். இரண்டையும் வெறுமையாக விட்டு, பேசுவோர் வரிசையில் என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அங்கிள், உங்க ஐசி ஏன் சிவப்பா இருக்கு?"

"நிரந்தரவாசிம்மா. பிரஜைக்குத்தான் நீலம்."

"எவ்ளோ வருஷமா இங்க இருக்கீங்க?"

"முப்பது."

"அலாமா. நான் அப்ப பொறக்கவே இல்ல." கொஞ்சம் பரிதாபப்பட்டது. பிறகு, "கப்பல் பேரு எழுதலன்னா சிஸ்டம் எடுக்காது அங்கிள்" என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் நயமாகப் பேச்சைத் தொடங்கினேன். அவள் டெங்கில் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய தாத்தா கப்பலில் வந்தவர்.

"என்ன, எங்க தாத்தாவ எரவல் கேக்குறீங்களா?"

"ரெண்டு நிமிஷத்துக்குத்தான்."

"அவரு பால் மரம் வெட்டுனவரு. உங்க ரயிலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அதோட, அவருக்கு உங்களப் புடிச்சிருக்குமான்னே எனக்குத் தெரியல."

சுங்கை பூலோவில் இருக்கும் மகள் கவிதாவுக்குப் போன் போட்டேன். அவள் அலுவலகத்தில் ஆங்கிலம், கடையில் மலாய், என்னிடம் மட்டும் தமிழ். அந்தத் தமிழும் என் போன் வராத வாரத்தில் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

"அப்பா, ஹிஸ்டரிலாம் முடிஞ்சு போச்சு. நீங்க ஏன் இன்னும் போய்ச் சண்ட போடுறீங்க?"

"சண்ட போடத்தான் விட மாட்றாங்க. ஆள் இல்லியாம் எனக்கு."

"எனக்கு இருக்கு, அம்மா சைடு. உங்களுக்குத்தான் இல்ல. அதுக்கு என்ன, நம்ம ஊருல உங்கள எல்லாருக்கும் தெரியும்."

நம்ம ஊர் என்று அவள் சொல்வது கிள்ளானை. நான் சொன்னால் சங்கரன்கோவில். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இத்தனை வருடம் பேசிவிட்டோம். ஒரு தடவைகூடத் தகராறு வந்ததில்லை.

6

கண்காட்சிக்கு அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்க வேண்டும், யாரிடம் அனுமதி கேட்பது என்று புத்தகத்தில் பாருங்கள் என்றார் அம்பிகா மிஸ். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் படக் குறிப்புகள் இருந்தன. மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறவர்கள் எவரும் போயிருக்க முடியாத இடம். ரயிலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

அந்தப் படம் மலாயாவில் எடுத்ததே இல்லை. தென்காசிப் பக்கம் பாதை போட்டபோது எடுத்தது. கடல் கடக்காமல் ஊரிலேயே கூலிக்குப் போனவர்கள் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்த்ததாம்.

காளிமுத்துவும் இல்லை, அந்தோணியும் இல்லை. மீசைக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்.

உள்ளதைச் சொன்னால், முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்ப் பெண்மணி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு வருடமாக என்னைத் தாண்டிப் போன கேள்வி இப்போது என் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை எழுந்து நின்று, "எங்காளு இவரு" என்று சொன்னால் போதும். எவரும் வாயைத் திறக்க முடியாது.

பாடாங் ஜாவா நிலையம் வரும்போது ஊதுபத்தி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

சரோஜா கேட்டுவிட்டு, "வாசிக்காதீங்க. அவரு மால போட்டு வச்சிருக்காரு, மனுசன் ஒடஞ்சு போயிருவாரு" என்றாள். அம்பிகா மிஸ்ஸைக் கூப்பிட்டேன்.

"புத்தகத்துல இருக்கா?" என்றார்.

"இருக்கு மிஸ்."

"அப்ப வாசிங்க. நம்ம வட்டத்துக்கு வேற வேல என்ன?"

7

அந்தச் சனிக்கிழமை வாசித்தேன். என் குரல் புடவைக் கடையில் விலை சொல்லும்போதுகூட அவ்வளவு இறங்கியதில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

ஜோசபின் ஆன்டிதான் தொடங்கினார். "எனக்கு அப்பவே சந்தேகம். எங்க தாத்தா இவ்ளோ அழகில்ல."

தேவா அண்ணன் புத்தகத்தை வாங்கி, படம் இருந்த பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டார்.

"ஏழு மாசமா ஊதுபத்தி ஏத்துறேன்லா" என்றார்.

"தேவா, பிரஷர் மாத்திர போட்டியா?"

"போட்டேன் ஆன்டி." அப்புறம் என்னைப் பார்த்தார். "அப்ப இவரு உங்காளா?"

கேட்டுவிட்டார். ஆமாம் என்றால் முடிந்தது. கண்காட்சி, பலகை, இரண்டு நிமிடம், எல்லாம் எனக்கு. மீசைக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒருவர் பேரன் என்றும் ஒருவர் பேத்தி என்றும் சொன்னதையும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றவர், மூன்றாவதாக நான் சொன்னாலும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

"இல்லண்ணே," என்றேன். "எங்க வீட்டுல யாரும் தண்டவாளம் பக்கமே போனதில்ல. எங்க தாத்தாவுக்கு ரயிலுன்னாலே பயம். இவரு யாருன்னு எனக்கும் தெரியாது."

"அப்ப நான் வீட்டுல மாட்டியிருக்கறது யாரு?"

"யாரோ ஒருத்தரு."

தேவா அண்ணன் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். "சரி, இருக்கட்டும். கழட்ட மாட்டேன். பழகிட்டாரு" என்றார். பிறகு, நினைத்துக் கேட்டாரோ, வாய்ப் பழக்கமோ, "அப்ப உங்காளு யாரு?" என்றார்.

யோசித்து வைத்த பதில் இல்லை. வாயில் வந்தது.

"நான்தாண்ணே. எங்க குடும்பத்துல மொதல்ல வந்தது நான்தான். எனக்கு முன்னால யாரும் இல்ல."

"கப்பல்லயா வந்தீங்க?"

"பிளைட்டுல."

"பிளைட்டுல வந்தவங்கள்லாம் மூதாதையரு இல்லலா. அப்பறம் ஏர்போர்ட்டே மூதாதையரா ஆயிரும்."

"நான் செத்தப்பறம் ஆவேன்ல?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்குல்ல."

ஜோசபின் ஆன்டி குறுக்கே வந்தார். "பாவம், தம்பி சாகுற வரைக்கும் காத்திருக்கணுமா? எங்க தாத்தாவும் கப்பல்லேர்ந்து எறங்குன அன்னிக்கி யாருக்கும் தாத்தா இல்ல. சும்மா ஒரு ஆளு. வாந்தி எடுத்துக்கிட்டு எறங்குன ஆளு."

அம்பிகா மிஸ் பேனாவை எடுத்தார். "கப்பல் கட்டத்துல விமானம்னு எழுதுங்க. சிஸ்டம் எடுக்கலன்னா நான் வந்து பேசுறேன்." மிஸ் பேசுவார் என்றால் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது.

மீன் வாசனை வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். கீழே இறங்கும்போது தேவா அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். முழங்கால் வலியாம்.

8

கண்காட்சி நாள். கவிதாவை நான் கூப்பிடவில்லை, சரோஜா கூப்பிட்டிருக்கிறாள். என் பலகையில் எதை ஒட்டுவது என்று தெரியாமல் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். அதில் நான் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருப்பேன். கவிதா வந்தாள், பார்த்தாள், அதைக் கழற்றினாள். பையிலிருந்து கல்யாண ஆல்பத்தின் கடைசிப் படத்தை எடுத்தாள். பெரிதாக்கிச் சட்டமே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டர், வியர்த்து வழிகிற முகம், கையில் ஒரு மஞ்சள் பை.

"அப்பா, நகராதீங்க. நேரா இருக்கான்னு பாக்கணும்" என்று அளந்து மாட்டினாள்.

எனக்கு வலப்பக்கம் ஜோசபின் ஆன்டி, அந்தோணித் தாத்தாவின் உண்மையான படத்தோடு. ஆன்டி சொன்னது போல அவ்வளவு அழகில்லைதான். இடப்பக்கம் தேவா அண்ணன். அவருடைய பலகையில் மீசைக்காரரே இருந்தார். கீழே, 'எங்கள் பாட்டன் காளிமுத்துவின் படம் கிடைக்கவில்லை. இவர் வராதவர். அவருக்குப் பதிலாக நிற்கிறார்' என்று எழுதியிருந்தார். அவரே எழுதிய தமிழ். எந்த 'ர'வும் இடம் மாறவில்லை.

கூட்டம் வந்தது. தேவா அண்ணன் ஒவ்வொருவரையும் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் பலகையை நிமிர்த்திக்கொண்டிருந்த கவிதா யார் என்று அவருக்குத் தெரியாது. அவளையும் கேட்டார்.

"நீங்க யாரும்மா? உங்காளு யாரு?"

அம்மா வழியில் கப்பலில் வந்த ஒருவர் அவளுக்கு இருக்கிறார். ரப்பர் மரம், டெங்கில் தோட்டம், எல்லாம் இருக்கிறது. நான் வேறு பக்கம் பார்ப்பது போல நின்றேன். காது மட்டும் அங்கே இருந்தது.

"அதோ," என்றாள் கவிதா. "ஸ்வெட்டர் போட்டவரு."

தேவா அண்ணன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏன், அன்னிக்கி காய்ச்சலா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கதையைக் கேட்க நெருங்கி வந்தார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "எங்க அப்பாவுக்கு சங்கரன்கோவில்ல வாடக சைக்கிள் கட" என்று ஆரம்பித்தேன்.

தேவா அண்ணன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"சங்கரலிங்கம், ரெண்டு நிமிஷம்தான்லா."